ஏடிஎச்டிக்கு டெஸ்ட் எங்கே எடுப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு விளக்கம்

பள்ளி டைரியில் "பையனுக்கு ஏடிஎச்டி டெஸ்ட் எடுத்து வரவும்" என்று ஒரு வரி எழுதி வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் சென்டரிலும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் போய் நிற்கிறார்கள் பெற்றோர். இன்னொரு பக்கம், ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தபடி ரீல்ஸ் பார்க்கும் இளைஞருக்கு "இந்த ஏழு அறிகுறி இருந்தால் உங்களுக்கு ஏடிஎச்டி" என்று ஒரு வீடியோ வருகிறது, ஏழும் தனக்கு இருக்கிறதே என்று அவர் பதறுகிறார்.

இருவருக்கும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஏடிஎச்டி என்ற இந்தக் கவனக் கோளாறைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. எம்ஆர்ஐ ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி எதுவும் "இருக்கிறது, இல்லை" என்று சொல்லாது. கண்டுபிடிப்பு முழுவதும் விசாரணையில்தான் நடக்கிறது: பிள்ளை எப்படி வளர்ந்தது, வீட்டில் எப்படி, வகுப்பில் எப்படி, எப்போதிலிருந்து, அதனால் என்ன கெட்டுப்போகிறது. ஆகவே மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைப் போலவே, நீங்கள் எவ்வளவு சரியான தகவலைக் கொண்டுபோகிறீர்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில், இது என்ன

ஏடிஎச்டியைக் கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். மூளை வளர்ச்சியைச் சார்ந்த ஒரு நிலை இது. கவனம் அறவே இல்லை என்பதல்ல பிரச்சினை. கவனத்தை வேண்டிய இடத்தில் வைப்பது, வேண்டிய நேரம் வரை பிடித்து நிறுத்துவது, தேவையானபோது வேறு பக்கம் திருப்புவது, இந்தக் கட்டுப்பாடு வயதுக்கு ஏற்ற அளவில் வளரவில்லை. "ரெண்டு மணி நேரம் செல்போன்ல கேம் ஆடுறான், அதுல மட்டும் கவனம் எங்கிருந்து வருது?" என்று கேட்காத வீடு இல்லை. கேம் நொடிக்கு நொடி ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அங்கே கவனத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையைக் கேமே செய்துவிடுகிறது. கணக்கு நோட்டு அப்படிச் செய்யாது. பிள்ளை வேண்டுமென்றே ஏமாற்றுகிறது என்பதற்கு இது சாட்சி அல்ல.

மூன்று விதமாகத் தெரியலாம்: கவனக்குறைவு மட்டும் முன்னால் நிற்பது, துறுதுறுப்பும் பொறுமையின்மையும் முன்னால் நிற்பது, இரண்டும் கலந்தது. முதல் வகைப் பிள்ளைகள் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. பின் பெஞ்சில் அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதனாலேயே தவறிப்போகிறார்கள். பெண் பிள்ளைகள் இதில் அதிகம். "மந்தம்", "கனவு கண்டுட்டே இருப்பா" என்று பெயர் வாங்கிப் பத்தாம் வகுப்பு வரை வந்துவிடுவார்கள்.

உலக அளவில் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேர், பெரியவர்களில் இரண்டு மூன்று பேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபின் பங்கை 70 முதல் 80 சதவீதம் வரை மதிப்பிடுகின்றன. குறைப்பிரசவமும் பிறந்தபோது எடை குறைவாக இருந்ததும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சர்க்கரை தின்றதால் வருவதில்லை, செல்லம் கொடுத்ததாலும் வருவதில்லை, அம்மா வேலைக்குப் போனதாலும் வருவதில்லை. நம் ஊர் ஆயாக்கள் "அவங்கப்பனும் சின்னதுல இப்படித்தான் இருந்தான், இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். மருத்துவருக்கு அது முக்கியமான குடும்ப வரலாறு. ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது.

கண்டுபிடிப்பு: ஐந்து கேள்விகள்

2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டைத்தான் இங்கேயும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதில் 18 அறிகுறிகள்: கவனம் தொடர்பாக 9, துறுதுறுப்பும் அவசரமும் தொடர்பாக 9. மருத்துவர் மனதில் ஓடும் கேள்விகள் இவை.

1. எத்தனை அறிகுறிகள்? இரண்டு பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது 6 இருக்க வேண்டும். 17 வயது ஆனவர்களுக்கு 5 போதும். அந்த வயது வளர்ச்சிக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நான்கு வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும்.

2. எவ்வளவு நாளாக? குறைந்தது ஆறு மாதம்.

3. எப்போதிலிருந்து? 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். பழைய பதிப்பில் இது 7 வயது. அதை உயர்த்தியது பெரியவர்களுக்கும் தாமதமாகப் புலப்பட்டவர்களுக்கும் உதவியது. +1 படிக்கும்போது திடீரென்று ஆரம்பித்த கவனச்சிதறலுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

4. எத்தனை இடங்களில்? வீடு, பள்ளி, உறவினர் வீடு, வேலையிடம் என இரண்டு இடங்களிலாவது. ஒரே ஒரு டீச்சர் வகுப்பில் மட்டும் நடந்தால் அந்த வகுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

5. வாழ்க்கை பாதிக்கிறதா, அதற்கு வேறு காரணம் ஏதும் இல்லையா?

வாண்டர்பில்ட், கானர்ஸ், ஸ்னாப் என்று பெயர் உள்ள கேள்வித்தாள்களைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். இந்தியக் குழந்தைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட ஐஎன்டிடி என்ற கருவியும் இருக்கிறது. இந்தத் தாள்கள் தகவலைத் திரட்டத்தான். மதிப்பெண் கூடுதலாக வந்துவிட்டதாலேயே நோய் உறுதியாகிவிடாது. ஐக்யூ சோதனையும் ஏடிஎச்டிக்கான சோதனை அல்ல. படிப்புத் திறன் கூடவே சந்தேகமாக இருந்தால்தான் அது தேவை.

ஐந்தாவது கேள்விதான் கடினமானது

நம் மாவட்டங்களில் அவசரமாக முத்திரை குத்தப்படுவதும், இருப்பது தவறிப்போவதும் இங்கேதான். ஏடிஎச்டி போலவே தோன்றும் மற்றவை நிறைய.

காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்னதைச் செய்யாது. கண் மங்கலாகத் தெரிகிற பிள்ளை போர்டைப் பார்க்காது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி வாயால் மூச்சுவிட்டு இரவெல்லாம் குறட்டை விடும் பிள்ளை பகலில் எரிச்சலோடு துள்ளும், ஏனென்றால் தூங்காத குழந்தைகள் பெரியவர்களைப் போலச் சோர்ந்து கிடப்பதில்லை, அலைபாய்வார்கள். ரத்தசோகை, தைராய்டு இவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு வகை வலிப்பில் கைகால் வெட்டாது. சில நொடிகள் பேச்சு நின்று, பார்வை நிலைகுத்தி, பிறகு ஒன்றும் நடக்காதது போல் தொடரும். வகுப்பில் அது "கவனிக்கவில்லை" என்று பதிவாகும். அந்தச் சந்தேகம் இருந்தால்தான் இஇஜி.

அப்புறம் நம் பகுதிக்கே உரியவை. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ் வழியிலோ ஆங்கில வழியிலோ ஒன்றாம் வகுப்பில் உட்காரும் குழந்தை, புரியாத மொழியில் நாற்பது நிமிடம் கவனிக்காமல் இருப்பதில் வியப்பில்லை. பென்னாகரம், அரூர் பக்கம் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளை தாத்தா ஆயாவிடம். பிரிவின் துயரம் குழந்தைகளிடம் அழுகையாக மட்டும் வருவதில்லை, அடிதடியாகவும் பாடத்தில் ஒட்டாமலும் வரும். வீட்டில் குடியும் அடியும் இருந்தாலும் அப்படியே. இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால் மாத்திரை தவறான காரணத்துக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வகுப்பிலேயே வயது குறைந்த பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி என்று சொல்லப்படுவது அதிகம் எனப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜூலையில் பிறந்து ஐந்து வயது நிரம்பியதும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிறந்த குழந்தையோடு பக்கத்தில் உட்காருகிறது. அந்த வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய இடைவெளி. ஒப்பிட வேண்டியது பிறந்த தேதியை வைத்து, பெஞ்சை வைத்து அல்ல.

இவை "அதுவா இதுவா" என்று மட்டும் வருவதில்லை. ஏடிஎச்டியோடு கற்றல் குறைபாடு (படிக்க, எழுத, கணக்குப் போடத் தடுமாறுவது), ஆட்டிசம், பதற்றம், எதிர்த்து நிற்கும் குணம் ஆகியவை சேர்ந்தே வருவது சாதாரணம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது.

எங்கே போவது

18 வயதுக்குள் என்றால் வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2013-இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற தேசிய சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வருகிறது. அந்தத் திட்டம் பார்க்க வேண்டிய 30 நிலைகளின் பட்டியலில் ஏடிஎச்டியும் கற்றல் குறைபாடும் உண்டு. அந்தக் குழு பிள்ளைகளை அனுப்பி வைக்கும் இடம் மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு சேவை மையம். ஆங்கிலச் சுருக்கத்தில் டெய்க் என்பார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகளும் நேரடியாகப் போய்ப் பார்க்கலாம்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 2022-இல் கல்லூரி திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இரண்டிலும் குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ ஓபி சீட்டு போட்டுத் தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார். அரூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவதற்கு முன்னால், எந்தக் கிழமை என்று உள்ளூர் மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். மனநல உதவிக்கான 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண் இலவசம், நாள் முழுவதும் உண்டு, தமிழிலும் பேசலாம். போனில் நோயை உறுதிசெய்ய மாட்டார்கள், எங்கே போகலாம் என்று சொல்வார்கள்.

சிக்கலான பிள்ளைகளுக்கு, அதாவது ஏடிஎச்டியோடு ஆட்டிசமோ வலிப்போ சேர்ந்திருந்தால், பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனை. நம் மாவட்டக்காரர்களுக்குச் சென்னையைவிட அது பக்கம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, குழந்தைகளுக்கெனத் தனி மனநலப் பிரிவும் உண்டு. ஆனால் முதல் அடியே அங்கே வைக்க வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சை மாதாமாதம் பார்க்க வேண்டிய ஒன்று, தொடர்ந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் மருத்துவரே பெரும்பாலானவர்களுக்குச் சரி.

தனியாரிடம் போனால் இதைக் கவனியுங்கள். நோயை உறுதிசெய்து மருந்து எழுத வேண்டியவர் மனநல மருத்துவர், குழந்தைகள் நல மருத்துவர் அல்லது நரம்பியல் மருத்துவர். சோதனைகள் செய்யும் உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. "பிரெய்ன் மேப்பிங்", "மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்" என்று ஆயிரக்கணக்கில் பேக்கேஜ் சொல்லும் இடங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கையில் என்ன கொண்டுபோவது

டீச்சர் எழுதித் தரும் கடிதம் பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் எப்படிப்பட்ட கடிதம் என்பதில்தான் விஷயம்.

"மாணவன் மிகவும் சேட்டை, படிப்பில் ஆர்வம் இல்லை" என்ற கடிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "காலை முதல் பீரியடில் பத்து நிமிடம் உட்காருவான், மதியத்துக்கு மேல் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுவான். வாய்மொழியாகக் கேட்டால் விடை சொல்கிறான், எழுதச் சொன்னால் மூன்றாவது கணக்கோடு நிறுத்திவிடுவான். கேள்வி முடியும் முன்பே பதில் கத்துவான். பென்சில் பாக்ஸ் வாரம் ஒன்று தொலைகிறது. தண்டித்தால் அழுகிறான், ஐந்து நிமிடத்தில் மறந்து அதையே செய்கிறான்." இது கடிதம். இதில் எத்தனை அறிகுறிகள், எந்த நேரத்தில், எந்த வேலையில் என்பதெல்லாம் மருத்துவருக்குத் தெரிந்துவிடுகிறது. டீச்சரிடம் "குறை சொல்ல வரல டீச்சர், டாக்டர் கேட்கிறாங்க, நீங்க பார்க்கிறதை அப்படியே எழுதித் தாங்க" என்று சொல்லிக் கேட்டால் எழுதித் தருவார்கள்.

கூடவே பழைய ரேங்க் கார்டுகள், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, இரண்டு வாரத்துத் தூக்க நேரக் குறிப்பு. மருத்துவமனையில் புது இடம், புது ஆள் என்பதால் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். "இங்க நல்லாத்தானே இருக்கான்" என்று யாராவது சொன்னால் தளர்ந்துவிடாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது அனுபவமுள்ள மருத்துவருக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கு

பிள்ளைக்கு உறுதியான பிறகு அப்பாவோ அம்மாவோ "எனக்கும் இதேதான்" என்று உணர்வது அடிக்கடி நடப்பது. பெரியவர்களிடம் ஓட்டம் குறைந்து உள்ளுக்குள் ஒரு படபடப்பாக மாறியிருக்கும். தொடங்கிய வேலை முடியாது, இபி பில் கடைசி நாள் தாண்டும், வண்டிச் சாவி தினமும் தொலையும், யோசிக்காமல் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களிடம் சாலை விபத்தும் புகையிலைப் பழக்கமும் அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் பைக்கிலேயே வாழும் நமக்கு இது சின்ன விஷயமில்லை.

உலக சுகாதார அமைப்போடு சேர்ந்து உருவான ஏஎஸ்ஆர்எஸ் என்ற கேள்வித்தாள் இணையத்தில் கிடைக்கும். முதல் ஆறு கேள்விகள் சந்தேகத்தை எழுப்பத்தான், உறுதி செய்ய அல்ல. சுழற்சி ஷிப்டில் நான்கு மணி நேரம் தூங்குகிறவர் யாராக இருந்தாலும் அதில் நிறையக் கட்டங்களை டிக் செய்வார். மனச்சோர்வு, பதற்றம், குடி, அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். பிரித்துக் காட்டுவது சிறுவயதுச் சாட்சி: அம்மா சொல்வது, அண்ணன் அக்கா சொல்வது, பள்ளி ரெக்கார்டில் டீச்சர் எழுதியது. இருந்தால் கொண்டுபோங்கள்.

சிகிச்சை

ஆறு வயதுக்குள் முதலில் பெற்றோருக்கான பயிற்சி, மாத்திரை அல்ல. ஆறு வயதுக்கு மேல் பயிற்சியும், பாதிப்பின் அளவைப் பொறுத்து மருந்தும். பெற்றோர் பயிற்சி என்பது அறிவுரைக் கூட்டம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, பிள்ளையின் அருகில் போய், முகத்தைப் பார்த்து. செய்து முடித்த அந்த நொடியே பாராட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடாமல். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைப்பது. தப்புக்குச் சின்ன விளைவு, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே விளைவு. வகுப்பில் முன் பெஞ்ச், இடையிடையே போர்டு துடைக்கவோ நோட்டு அடுக்கவோ எழுப்பிவிடுவது. கேட்க எளிதாக இருக்கிறது, நடைமுறையில் பெற்றோரின் பொறுமையைப் பிழிந்துவிடும் வேலை இது. அதனால்தான் ஒருவர் கூட இருந்து கற்றுத்தர வேண்டும் என்கிறார்கள்.

மருந்தில் முதன்மையானது மெதில்ஃபெனிடேட். ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும், சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம் போல நிற்கும், மெதுவாகக் கரையும் வகை பள்ளி நேரம் முழுவதற்கும் வரும். பத்தில் ஏழு பேருக்குப் பலன் தெரிகிறது, மனநல மருந்துகளில் இது மிக நல்ல விகிதம். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், தலைவலி வயிற்றுவலி வரலாம். உயரம் கூடுவது சற்று மெதுவாகலாம். அதனால் ஒவ்வொரு முறையும் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென மாரடைப்பில் இறந்தவர் இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் வயிறார இட்லியோ களியோ கொடுத்துவிட்டால் பசிப் பிரச்சினை பாதி குறையும்.

"அடிமையாகிடுவானா?" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாக எடுக்கும்போது அப்படி ஆவது அரிது. ஆனால் தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ள மருந்து என்பதால் அரசு இதை அட்டவணை எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாடுள்ள மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. விளைவு இதுதான்: மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், தனி உரிமம் உள்ள கடை மட்டுமே விற்கலாம். ஊர் மெடிக்கலில் கேட்டால் "இல்லைங்க" என்பார், சில இடங்களில் சந்தேகமாகவும் பார்ப்பார். தப்பு உங்களிடம் இல்லை. மருத்துவரின் அறையை விட்டு எழுவதற்கு முன்பே இரண்டு பிரதி இருக்கிறதா, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குப் போய்விட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு இல்லாத மாற்று அடோமாக்ஸிடின். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாளில் "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிற தவறு. தொடக்க வாரங்களில் பிள்ளையின் மனநிலை இருண்டு போனாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளோனிடின் போன்றவையும் சில பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றன.

கயிறு கட்டுவதையோ கோயிலுக்குப் போவதையோ யாரும் நிறுத்த வேண்டாம். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

பள்ளியும் சட்டமும்

"டிசி வாங்கிட்டுப் போயிடுங்க" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இதை வாயால் சொல்வதைவிட, மருத்துவரின் கடிதத்தோடு சேர்த்து எழுத்தில் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குவது பலன் தரும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

தேர்வுச் சலுகையில் ஒரு சிக்கல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உண்டு. ஏடிஎச்டி தனிப் பெயராக இல்லை. ஆகவே ஏடிஎச்டி என்ற ஒரு சீட்டை மட்டும் காட்டிப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்டால் கிடைப்பது கடினம். கற்றல் குறைபாடு சேர்ந்து இருக்கிறதா என்று முறையாகச் சோதித்துச் சான்று பெற்றால், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். சோதனை, மருத்துவச் சான்று, பள்ளியின் கடிதம் என்று கைமாறி வர மாதக்கணக்கில் ஆகும். பத்தாம் வகுப்பு தை மாதத்தில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.